யாருடைய தோளில் ஏறிப் பார்க்கிறோம்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. நடுவில் பதினைந்து வருடம் வேலை, குடும்பம் என்று ஓடியதில் புத்தகத்தைத் தொடவே இல்லை. இந்த ஆறு மாதமாகத்தான் மறுபடி படிக்கிறேன். அதில் மூன்று புத்தகங்களைப் பற்றி உங்களிடம் சொல்லவேண்டும்போல இருக்கிறது.

முதலாவது தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. இருபது வயதில் படித்துவிட்டுப் பல நாள் பித்துப் பிடித்தவன்போல இருந்தேன். பாபுவாகவே நடமாடினேன் என்றுகூடச் சொல்லலாம். அதே பிரதியைத்தான் இப்போதும் எடுத்தேன். எத்தனையோ இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்த வரிகளைப் படிக்கப் படிக்க, இதற்கு ஏன் கோடு போட்டேன் என்றே புரியவில்லை. பாபுவின்மீது எரிச்சல்தான் வந்தது. எப்போது பார்த்தாலும் தன் தவிப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறானே என்று தோன்றியது. மூன்று நாளில் படித்து முடித்தேன். முடித்தபோது நெருங்கிய ஒருவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது.

இரண்டாவது பூமணியின் 'வெக்கை'. இதையும் அந்த வயதில்தான் படித்தேன். அப்போது ஒரே மூச்சில் ஓடிய விறுவிறுப்பான கதை, அவ்வளவுதான். இப்போது பாதியிலேயே கண் கலங்கி மூடி வைத்துவிட்டேன். சிதம்பரத்துக்கு அவன் அய்யா சோறு பொங்கிக் கொடுக்கும் இடங்கள். முன்பு அவற்றைத் தாண்டிப் போயிருப்பேன். எனக்கு இப்போது பதினாறு வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

மூன்றாவது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. முதல்முறையாகப் படித்தேன். அலட்டலே இல்லாமல் மெல்லப் போகிறது. ஆனால் லிஸியை மறக்க முடியவில்லை.

என் கேள்வி இதுதான். 'மோகமுள்'ளை நான் படித்த இரண்டு தடவையில் எது சரி? அன்றைக்கு ஏமாந்தேனா, இன்றைக்கு வறண்டுவிட்டேனா? பிடித்த புத்தகங்களைத் திரும்பத் தொடாமல் இருப்பதுதான் நல்லதா?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்று புத்தகங்களையும் தனித்தனியாக எழுதிவிட்டீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

'வெக்கை'யிலிருந்து தொடங்குகிறேன். 1982இல் வந்த நாவல். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனை அரிவாளால் வெட்டுகிறான். கையை மட்டும் எடுக்க நினைத்து வீசிய வெட்டு, உயிரை எடுத்துவிடுகிறது. அதற்கப்புறம் அப்பாவும் மகனும் காடு, கரடு என்று ஒளிந்து திரிகிறார்கள். சில நாட்களில் முடிந்துவிடுகிற கதை. இருபது வயதில் படிக்கிறவன் சிதம்பரத்தின் தோளில்தான் ஏறி உட்காருவான். அங்கிருந்து பார்த்தால் வெட்டு தெரியும், ஓட்டம் தெரியும், பிடிபடுவானா மாட்டானா என்பது தெரியும். சோறு பொங்குவது தெரியாது. பசி எடுத்தால் சாப்பாடு வரும் என்று நம்புகிற வயது அது. யார் பொங்கினார்கள் என்று யோசிக்கிற வயது இல்லை.

நீங்கள் இந்தமுறை அவன் அப்பா பரமசிவத்தின் தோளுக்கு மாறிவிட்டீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வீட்டில் பதினாறு வயதுப் பையன் இருப்பதால் தானாக நடந்துவிட்டது. அந்த அப்பா எங்கேயும் உட்கார்ந்து உருகுவதில்லை. ஒரு மகனைப் பறிகொடுத்தவர். மிச்சம் இருக்கிறவன் கொலைகாரனாகி அருகில் படுத்திருக்கிறான். அவர் என்ன செய்கிறார்? இன்று ராத்திரி எங்கே தங்குவது, எதைப் பொங்குவது என்று பார்க்கிறார். பூமணி அந்தத் துக்கத்தை விவரிக்கவே மாட்டார். அடுப்பு மூட்டுவதையும் தண்ணீர் தேடுவதையும் எழுதிக்கொண்டு போவார். அந்த வேலைகளுக்குள்ளேதான் துக்கம் முழுவதும் இருக்கிறது. உங்களுக்குக் கண் கலங்கியது சரியான இடத்தில்தான்.

இப்போது 'மோகமுள்'ளுக்கு வருவோம். நாற்பத்தேழு வயதில் நீங்கள் அதைத் திறந்து, மறுபடி பாபுவின் தோளிலேயே ஏறப் பார்த்திருக்கிறீர்கள். இருபது வயதில் கிடைத்த பித்து திரும்பக் கிடைக்கும் என்ற ஆசை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் இருந்தது. ஆனால் அந்தத் தோள் இப்போது உங்களைத் தாங்காது. அதனால்தான் எரிச்சல். பாபு அன்றும் இப்படித்தான் இருந்தான். தன் தவிப்பைத் தவிர வேறு எதையும் சரியாகப் பார்க்கத் தெரியாதவன். அப்போது நீங்களும் அப்படி இருந்ததால் அது உங்களுக்குத் தெரியவில்லை. ஜானகிராமனுக்குத் தெரிந்திருந்தது. தங்கம்மாவை நினைத்துப் பாருங்கள். கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண் பாபுவை நாடி வருகிறாள், கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பாபு அதைத் தன் பாவமாக நினைத்துக் குமைகிறான். அவளுடைய வாழ்க்கையாக அதைப் பார்க்க அவனால் முடிந்ததா? முடியவில்லை என்பதை அந்த நாவல்தான் நமக்குக் காட்டுகிறது. உங்களுக்கு வந்த எரிச்சலில் பாதி, புத்தகமே உங்களுக்குக் கொடுத்ததுதான்.

பாபு ஏங்குகிற யமுனாவின் பக்கம் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். அய்யர் அப்பா, மராட்டிய அம்மா, அதுவும் இரண்டாம் தாரம். வருகிற வரன்கள் எல்லாம் தட்டிப்போகின்றன. சொத்து கரைகிறது, வறுமை வருகிறது. கதையில் ஓடுகிற எட்டு வருடம் என்பது பாபுவுக்கு ஏக்கத்தின் கணக்கு. அவளுக்கு அது வேறு கணக்கு. அவள் பேசுவது குறைவு. அவள் சொல்லாமல் விட்ட இடங்களில் நின்று நின்று போனால், நீங்கள் படித்தது வேறொரு நாவல் என்று தோன்றும். யமுனாவை நான் முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் பார்த்தேன். அதுவரை அவள் எனக்கு ஒரு அழகான சிலை மாதிரிதான் இருந்தாள், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னொரு விஷயம், வேகம். 'மோகமுள்' 1956இல் சுதேசமித்திரனில் தொடராக வந்தது. ஒரு வாரம் படித்துவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தவர்களுக்காக எழுதப்பட்டது. பாபுவின் தவிப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் படித்தவர்களுக்கு அது பழைய ராகத்தை மறுபடி கேட்பதுபோல இருந்திருக்கும். மூன்றே நாளில் முடித்தால் அது வளவளவென்று தெரியும். இசை வருகிற பகுதிகளையாவது நாளுக்கு ஒன்றாகப் படியுங்கள். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ரங்கண்ணாவிடம் பாபு போய் நிற்கிற இடங்களுக்கு அவசரமே கூடாது.

உங்கள் பென்சில் கோடுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அந்தப் பிரதியைத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது, சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. முதல் பாதி முழுக்கக் கோடுகள். அதில் கதை சொல்கிற தாமோதர ஆசான் வாயைத் திறந்தால் போதும், கோடு போட்டிருக்கிறேன். சில பக்கங்களில் எழுத்தைவிடக் கோடு அதிகம். ஆசான் கதையைவிட்டுப் போனபிறகு பக்கங்கள் அப்படியே சுத்தமாக இருக்கின்றன. ஒரு கீறல்கூட இல்லை. ஆசான் போனதும் நாவல் இறங்கிவிட்டது என்று பல வருடம் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அது தவறு. மறுபடி படித்தபோது என்னை உலுக்கியது அந்தச் சுத்தமான பக்கங்கள்தான். ஆசான் இருந்தவரை மரத்தைச் சுற்றிக் கதைகள் இருந்தன, அதைக் கேட்க வாய் பிளந்து உட்கார்ந்திருந்த பையன்கள் இருந்தார்கள். பிறகு மரத்தைச் சுற்றிக் கடைகள் வருகின்றன, நகராட்சித் தேர்தல் வருகிறது, பத்திரிகை வருகிறது. மரத்தின்மேல் யாருக்கும் பகை இல்லை. பகையெல்லாம் மனிதர்களுக்குள். நடுவில் நின்றதால் மரம் சாகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் அடிபட வேண்டியிருந்தது. இரண்டு பேர் மோதலில், அதற்குச் சம்பந்தமே இல்லாத நல்ல காரியம் ஒன்று நாசமாவதை வேலைசெய்த இடத்தில் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்கப்புறம்தான் அந்த இரண்டாம் பாதி எனக்குத் திறந்தது. முதல் வாசிப்பில் ஆசானின் தோளில் இருந்தேன், அவர் போனதும் எனக்கு உட்கார இடம் இல்லை. மரத்தின் பக்கம் நிற்க அப்போது தெரியவில்லை.

எழுதியவர்களே இப்படி இடம் மாறிப் பார்த்ததும் உண்டு. ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் 'அக்னிப் பிரவேசம்' எழுதினார். கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். பெரிய சர்ச்சை எழுந்த கதை. சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? அந்தக் கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வந்தது. கதையை எழுதிய எழுத்தாளரும் அதற்குள் ஒரு பாத்திரம், தன் வாழ்க்கை அங்கே மாற்றி எழுதப்பட்டிருப்பதை அந்தப் பெண் கங்கா படிக்கிறாள். முதல் கதையில் தாயோடு நின்றவர், நாவலில் மகளோடு போய் நிற்கிறார். அதனால் முதல் கதை பொய்யாகிவிடவில்லை. இரண்டையும் இப்போதும் அடுத்தடுத்துப் படிக்கலாம், படித்தால் இரண்டுமே பெரிதாகின்றன.

ஆகவே இரண்டில் எது சரி என்று கேட்டால், என்னால் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. இருபது வயதில் நீங்கள் ஏமாறவில்லை. அந்தப் பித்து அந்தப் புத்தகம் தரக்கூடிய ஒன்றுதான், உரிய வயதில் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இன்றைக்கு வறண்டும் போகவில்லை. வறண்டவர் 'வெக்கை'யைப் பாதியில் மூடி வைக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாப் புத்தகமும் இப்படி வேறொரு தோளை எடுத்து நீட்டாது. ஒரே ஒரு ஆளை மட்டும் நிற்க வைத்து, மற்றவர்களை எல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டிய புத்தகங்கள் நிறைய உண்டு. அவற்றுக்குத் திரும்பிப் போனால் ஏமாற்றம்தான், போன நேரமும் வீண்தான். நானே சிலவற்றை அப்படி அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அதை முடிவு செய்வதற்கு முன்பு, நாம் பழைய இடத்திலேயே நின்றுகொண்டு பார்க்கிறோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். 'மோகமுள்' விஷயத்தில் நீங்கள் இன்னும் அதைக் கேட்கவில்லை.

'புத்தம் வீடு' உங்களிடம் சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கும் இதுதான் காரணம். உங்களுக்கு அங்கே பழைய இடம் என்று எதுவும் இல்லை. எதையும் எதிர்பார்க்காமல் போய் லிஸியின் பக்கத்தில் நின்றுவிட்டீர்கள். ஓடியாடித் திரிந்த சிறுமி வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் நிறுத்தப்படுகிறாள். உலகம் அந்த வீட்டளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஹெப்சிபா அதற்காகக் குரலை உயர்த்துவதே இல்லை, அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே இருந்து எழுதுகிறார். உங்களுக்கு மெல்லப் போவதாகத் தோன்றியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு நாள் அப்படித்தானே போகும்.

இன்னொன்று. 'புத்தம் வீடு', 'மோகமுள்' இரண்டுமே 1964இல் புத்தகமாக வந்தவை. ஒன்றில் ஒரு பெண் வீட்டுக்குள் காத்திருக்கிறாள். இன்னொன்றில் ஒரு ஆண் தன் காத்திருப்பைப் பற்றி ஊர் ஊராக யோசித்துக்கொண்டு போகிறான், அவனுக்குத் தெரியாமல் ஒரு பெண்ணும் அங்கே காத்திருக்கிறாள். லிஸியைப் பார்த்த கண்ணோடு நீங்கள் யமுனாவிடம் போகலாம்.

இப்போதே வேண்டாம். ஒரு வருடம் போகட்டும். அதே பழைய பிரதியையே எடுங்கள். யமுனா வரும் பக்கங்களில் நீங்கள் கோடு போடாமல் விட்ட வரிகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இந்தமுறை வேறு நிறப் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே கோடு விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்.