யாழ்ப்பாணத்தில் இருந்தபடி கட்டற்ற மென்பொருளுக்கும் இணையப் படைப்புகளுக்கும் ஆதரவாளர்களிடம் நேரடியாகக் காசு பெறுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: யூடியூப், பேஸ்புக் வருமானத்தை நம்ப முடியவில்லை, தமிழுக்குக் கட்டற்ற மென்பொருள் (எவரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடியது) எழுதுபவர்களும் காணொளி, ஒலிப்பதிவு செய்பவர்களும் விரும்பித் தருபவர்களிடமிருந்து நேரே பணம் பெற வழி உண்டா?

உண்டு. ஆனால் பெரும்பாலானோர் தொடங்கும் இடம் பிழை. முதலில் நன்கொடைப் பக்கம் ஒன்றைத் திறந்து, நண்பர்களிடம் பகிர்ந்து, பத்துப் பேர் கட்டிய பிறகுதான் அந்தக் காசு இலங்கை வங்கிக்கு வராது என்று தெரியவரும். தந்தவருக்கும் மனக்கசப்பு, பெற்றவருக்கும் வெட்கம். காசு கடைசியாக வந்து விழும் கணக்கில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

லிபராபே, கோ-ஃபை இரண்டும் நல்ல தளங்கள். நன்கொடையில் தமக்கென்று பங்கு எடுப்பதில்லை. லிபராபே 2015 முதல் இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பு, அதன் நிரலும் கட்டற்றது. ஆனால் இரண்டுமே பணத்தைக் கடத்துவது ஸ்ட்ரைப், பேபால் என்ற இணையப் பணச் சேவைகள் வழியாகத்தான். இலங்கை முகவரியில் ஸ்ட்ரைப் கணக்கு நேரடியாகத் திறக்க முடியாது. இலங்கைப் பேபால் கணக்கால் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்பதே பல வருட நிலை. இணைப்பைப் பகிர முன்னர் யாராவது ஒருவரைக்கொண்டு ஒரு டொலர் அனுப்பச் செய்து, அது வங்கிக்கு வருகிறதா என்று பாருங்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் நன்கொடை வசதியான கிட்ஹப் ஸ்பொன்சர்ஸ், தனிநபர் கணக்கிலிருந்து தரும் பணத்தில் கட்டணம் எடுப்பதில்லை என்பதால் நிரலாளர்களுக்கு மிகவும் இலாபம். விண்ணப்பத்தில் வங்கி இருக்கும் நாட்டைத் தெரிவுசெய்யும் இடத்திலேயே இலங்கை ஏற்கப்படுகிறதா என்று தெரிந்துவிடும்.

காணொளி, ஒலி, எழுத்து செய்பவர்களுக்கு சந்தா வாங்கித் தரும் பேட்ரியன் தளத்தில் சேர்ந்து, காசை பேயோனியர் என்ற பணமாற்றுச் சேவைக்கு எடுத்து, அங்கிருந்து உள்ளூர் வங்கியில் ரூபாயாகப் பெறுவது நடைமுறையில் சரிவரும் வழி. 2025 ஓகஸ்ட் முதல் புதிதாகச் சேருபவர்களிடம் பேட்ரியன் 10 சதவீதம் எடுக்கிறது, அட்டைக் கட்டணம் அதற்கு மேல். கனடா, ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர் பலரும் ஐபோனில் சேருவார்கள். செயலிக்குள் சேர்ந்தால் அப்பிளுக்கு 30 சதவீதம் போகும். ஆகவே அறிவிப்பில் "செயலிக்குள் வேண்டாம், உலாவியில் இந்த இணைப்பைத் திறந்து சேருங்கள்" என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள்.

மென்பொருளுக்கு என் தெரிவு ஓப்பன் கலெக்டிவ். அங்கே ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற அமைப்பு உங்கள் திட்டத்துக்காகப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கி வைத்திருக்கும்; அதற்கு 10 சதவீதம் எடுக்கும். நீங்கள் செய்த வேலைக்குப் பற்றுச்சீட்டுப் பதிந்தால், வைஸ் என்ற பணமாற்றுச் சேவை வழியாக உங்கள் இலங்கை வங்கிக் கணக்குக்கே அனுப்பும். ஸ்ட்ரைப்பும் பேபாலும் இல்லாத குறை இங்கே தீர்ந்துவிடுகிறது. வரவும் செலவும் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். 10 சதவீதம் கூட என்று தோன்றலாம். கணக்கு எழுதும் வேலையையும் சந்தேகக் கேள்விகளையும் அது குறைப்பதால் தகும். மென்பொருள் கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும். இந்த நன்கொடைக்கு வரிச்சலுகைப் பற்றுச்சீட்டுக் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

இதில் அதிகம் பேரை இடறவைப்பது பெயர். நம்முடைய வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் இருக்கும். கடவுச்சீட்டில் இரண்டும் முழுமையாக இருக்கும். அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். பேயோனியரும், யூடியூப் விளம்பரக் காசைத் தரும் கூகுள் ஆட்சென்ஸும் பெயரை எழுத்துக்கெழுத்து ஒப்பிடுபவை. முதலெழுத்து மட்டும் இருந்தால் சரிபார்ப்பு நின்றுவிடும், சில வேளை வங்கி காசைத் திருப்பி அனுப்பிவிடும். கணக்குத் திறக்க முன்னர் வங்கிக் கிளைக்குப் போய், கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயருடன் கணக்கறிக்கை ஒன்று ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாத் தளத்திலும் அதே எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். கிளையின் குறியீட்டெண்ணையும் ஸ்விஃப்ட் குறியீட்டையும் அப்போதே எழுதி வாங்கலாம்.

யூடியூபை உடனே விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதியவர்கள் உங்களைக் கண்டுபிடிப்பது இன்னும் அங்கேதான். நீளக் காணொளி விளம்பரத்தில் 55 சதவீதம், ஷோர்ட்ஸில் 45 சதவீதம் தருகிறது. இருப்பு 10 டொலரைத் தாண்டியதும் ஆட்சென்ஸ் ஓர் இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். கோவில் வீதி என்று மட்டும் எழுதினால் யாழ்ப்பாணத்தில் அந்தக் கடிதம் வராது. வீட்டு இலக்கம், ஊர், அஞ்சல் குறியீடு மூன்றும் ஆங்கிலத்தில் வேண்டும். உங்கள் தபால்காரரிடமும் சொல்லி வையுங்கள். நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்புங்கள். நிரப்பாதவர்களுக்கு முழு வருமானத்திலும் 24 சதவீதம் வரை வெட்டப்படலாம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருப்பதால், நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் பங்கில் மட்டும், அதுவும் குறைந்த வீதத்தில் பிடிப்பார்கள். ஒவ்வொரு வங்கி மாற்றுக்கும் இடைத்தரகு வங்கி ஒரு தொகை எடுப்பதால், குறைந்தபட்சக் கொடுப்பனவை 100 டொலரில் விடாமல் 300, 400 என்று உயர்த்தி வைப்பது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் மச்சானின் பேபால் கணக்கில் வாங்கி அனுப்பச் சொல்வது இங்கே சர்வசாதாரணம். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வருமானம் அவருடைய பெயரில் விழும், அவருக்கு வரிக் கேள்வி வரும். பழக்கமில்லாத வரவைக் கண்டால் பேபால் பணத்தை 180 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம், எடுப்பது அதைவிட மோசம்: சட்டத்துக்குப் புறம்பானது, கையில் எந்த ஆவணமும் மிஞ்சாது.

இனி, கேட்பது. மாதம் ஒரு டொலர் என்று கேட்பது பணிவாகத் தெரியும், ஆனால் நட்டம். அமெரிக்காவில் ஸ்ட்ரைப்பின் வழக்கமான அட்டைக் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சதமும். ஒரு டொலரில் 33 சதம் போய்விடும். பன்னிரண்டு மாதத்தில் 3.95 டொலர். அதே 12 டொலரை வருடத்துக்கு ஒரு தடவை வாங்கினால் 65 சதம்தான் போகும். வருடச் சந்தாவை முதலில் காட்டுங்கள், மாதச் சந்தா 5 டொலருக்குக் கீழ் வேண்டாம். இலங்கைக்குள் இருப்பவர்களுக்கு வங்கிக் கணக்கு இலக்கமும் லங்காகியூஆர் படமும் போதும். வெளிநாட்டு அட்டைத் தளத்துக்கு அவர்களை அனுப்புவது தேவையில்லாத கட்டணம்.

"தமிழுக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு தடவை தருவார்கள். ஊர்க்கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் இருப்பதுபோல, ஒவ்வொரு வேலைக்கும் ஆள் தேடுங்கள். கேட்கும் விதம் இப்படி இருக்கலாம்:

"பழைய அச்சு நூல்களில் உள்ள ணை, லை, றா போன்றவற்றின் பழைய எழுத்துவடிவங்களை டெசராக்ட் எழுத்துணரி சரியாக வாசிக்கப் பழக்குகிறோம். 400 பக்கங்களைத் தட்டெழுதிச் சரிபார்க்க, பக்கத்துக்கு 150 ரூபாய்ப்படி 60,000 ரூபாய். பயிற்சிக்கு வாடகைக் கணினி 40 டொலர், ஏறத்தாழ 12,000 ரூபாய். மொத்தம் 72,000. ஆறு பேர் 12,000 ரூபாய் தந்தால் வேலை தொடங்கும். பயிற்சித் தரவும் முடிவும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்படும். பெயர் போட விரும்புபவர்களின் பெயர் வெளியீட்டுக் குறிப்பில் வரும்."

தொகை, வேலை, எப்போது தொடங்கும், கடைசியில் யாருக்கு என்ன கிடைக்கும் எல்லாம் அதில் இருக்கின்றன. 2002 இல் முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, நிரலைக் கட்டற்றதாக்க 1,00,000 யூரோ என்று ஒரே ஒரு இலக்கைச் சொல்லி ஏழு வாரத்தில் திரட்டினார்கள். இலக்கு தெளிவாக இருந்ததால் மக்கள் தந்தார்கள். மறுபக்கம், உலகின் பெரும்பாலான இணையத்தளங்கள் நம்பியிருந்த பாதுகாப்பு மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல், 2014 இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவரும்வரை நன்கொடையாகப் பெற்றது வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 டொலர்தான். எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்பதால் காசு தானாக வராது, கேட்க வேண்டும். நம் பக்கத்தில் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற மின்னூலகத் திட்டத்தையும், கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பரப்பும் தமிழ்நாட்டுக் கணியம் அறக்கட்டளையையும் பாருங்கள். வரவு செலவை வெளியிடும் பழக்கத்தைக் கணியத்திடம் படிக்கலாம். தந்தவர் திரும்பத் தருவதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

பெரிய தொகை வேண்டுமானால் பழைய மாணவர் சங்கங்களையும் ஊர்ச் சங்கங்களையும் மறக்க வேண்டாம். இலண்டன், ரொறன்ரோ கிளைகள் கட்டடத்துக்கும் கணினி அறைக்கும் தருபவை. பாடசாலை நூலகத்துக்கான மென்பொருளுக்கும் தருவார்கள், ஒரு பக்க ஆங்கிலத் திட்டமும் விலைப்பட்டியலும் இருந்தால். இங்கே வழமையாக நடக்கும் பிழை: செய்து முடிக்கக் காசு கேட்பார்கள், பராமரிக்கக் கேட்க மாட்டார்கள். இரண்டாம் வருடம் சேவையகக் கட்டணம் கட்ட ஆள் இல்லாமல் எல்லாம் நின்றுவிடும். இரண்டு வருடப் பராமரிப்பைத் தனி வரியாக எழுதுங்கள். நிரல் கட்டற்ற உரிமத்தில் வெளிவரும் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும்; பிறகு "இது எங்கள் சங்கத்தின் சொத்து" என்ற பேச்சு வராது.

மானியங்களில் நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை தனிநபர்களிடமும் விண்ணப்பம் வாங்குகிறது. அதன் திறந்த அழைப்புகளில் வழக்கமான தொகை 5,000 முதல் 50,000 யூரோ. படிவம் சிறியது. ஆனால் வேலையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் முடிந்த பின்னர்தான் காசு. முதல் பகுதியை மிகச் சிறிதாக, ஒரு மாதத்துக்குள் முடிவதாக வையுங்கள். இல்லாவிட்டால் கைக்காசில் சாப்பிட வேண்டியிருக்கும். திட்டம் ஐரோப்பாவுக்கும் எப்படிப் பயன்படும் என்று விளக்க வேண்டும்: தமிழ் விசைப்பலகை என்று மட்டும் எழுதாமல், சிக்கலான எழுத்துமுறைகள் எல்லாவற்றுக்கும் பயன்படும் பகுதி எது என்று காட்டுங்கள். கட்டற்ற மென்பொருளுக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு உதவித்தொகையுடன் நிரல் எழுதவைக்கும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் நல்ல வாசல். உதவித்தொகை பேயோனியருக்கே வரும். நூல்களை மின்வடிவாக்கி விக்கிமூலத்தில் சேர்ப்பவர்கள் விக்கிமீடியாவின் விரைவு நிதியில் 500 முதல் 5,000 டொலர் வரை கேட்கலாம்.

வந்த காசை முழுவதும் ரூபாயாக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. ரூபாயில் சேமித்து டொலரில் சேவையகக் கட்டணம் கட்டியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஒரு வருடச் சேவையகச் செலவையாவது டொலரில் வைத்திருங்கள். இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுத்து, வரவை வருமானமாகவே பதியுங்கள். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வரிவிலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய். வெளிநாட்டுக்குச் செய்த சேவையின் வருமானம் வங்கி வழியாக நாட்டுக்குள் வந்தால் அதற்கு மேலுள்ள வரி 15 சதவீதத்தைத் தாண்டாது. உண்டியலில் எடுத்தவருக்கு இந்தச் சலுகை இல்லை.

தளம் மூடினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பாருங்கள். யாஹூ குழுமங்கள் 2020 இல் மூடப்பட்டன. டுவிட்டர் 2023 இல் வெளி மென்பொருள்கள் அதனோடு இணைய உதவிய இலவச நிரல் இடைமுகத்தை நிறுத்தியபோது அதை நம்பி எழுதிய சிறு கருவிகள் செத்துப்போயின. ஆதரவாளர் மின்னஞ்சல் பட்டியலை மாதம் ஒரு தடவை பேட்ரியனிலிருந்து இறக்கி வையுங்கள். சொந்தமாக ஒரு டொமைன் (இணைய முகவரி) வாங்கி, நன்கொடை இணைப்பு எல்லாவற்றையும் அதில் ஒரே பக்கத்தில் போடுங்கள். காணொளியின் கீழ் அந்தப் பக்கத்தின் முகவரி மட்டும் இருக்கட்டும். நாளைக்கு பேட்ரியனை விட்டு விலகினாலும் பழைய காணொளிகளைத் திருத்த வேண்டியதில்லை. மூலக் கோப்புகளின் ஒரு பிரதி வீட்டில் வன்தட்டில், இன்னொன்று இன்டர்நெட் ஆர்க்கைவில்.

படிப்பு, வேலை, பிரசவம் என்று வேலை சில மாதம் நின்றால் வசூலையும் நிறுத்துங்கள். பேட்ரியனில் மாதக் கட்டணத்தை இடைநிறுத்தும் வசதி உண்டு. திட்டத்தையே மூடுவதானால் ஓப்பன் கலெக்டிவில் இருக்கும் மீதியை, உங்கள் மென்பொருள் சார்ந்திருக்கும் இன்னொரு கட்டற்ற திட்டத்தின் கணக்குக்கு மாற்றிவிட்டு, மாற்றிய தொகையை ஆதரவாளர்களுக்கு மின்னஞ்சலில் அறிவிக்கலாம்.