எம்.எஸ். மாத்திரைகள் மூன்றில் மகளுக்கு எது?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. போன வருடம் கல்யாணமாகிப் பாலக்கோட்டில் இருக்கிறாள். முதலில் ஒரு கண் மங்கித் தெளிந்தது. அப்புறம் இடது கால் மரத்தது. விட்டு விட்டு வரும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) என்றார்கள். பெங்களூரு டாக்டர் டைமெத்தில் ஃபியூமரேட், டெரிஃப்ளூனமைடு, ஃபிங்கோலிமோட் மூன்றையும் சொல்லி, வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னார். தினம் ஒரே மாத்திரை என்பதால் டெரிஃப்ளூனமைடு வாங்கலாமா?

பதில்: குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வேண்டாம். டெரிஃப்ளூனமைடு கருவைப் பாதிக்கக்கூடியது. நிறுத்தினாலும் உடலை விட்டு லேசில் போகாது. சிலருக்கு இரண்டு வருடம்கூடத் தங்கும். கொலஸ்டிரமின் என்ற பவுடரை 11 நாள் கொடுத்து வெளியேற்ற வழி உண்டு. ஆனால் அந்த வேலையைத் தெரிந்தே ஏன் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்? குழந்தை எப்போது என்பதை மகளும் மருமகனும் முதலில் பேசி முடிக்கட்டும்.

எம்.எஸ். திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைப்பதில் டெரிஃப்ளூனமைடு மற்ற இரண்டைவிடச் சற்று பின்தங்கியது என்பதே பொதுவான கணிப்பு. மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அது சுமார் 31 சதவீதம் குறைத்தது. டைமெத்தில் ஃபியூமரேட் 53, ஃபிங்கோலிமோட் 54. இவை தனித்தனி ஆய்வுகள், வேறு வேறு நோயாளிகள். அதனால் மார்க் பட்டியல்போலப் படிக்காதீர்கள்.

ஃபிங்கோலிமோடும் தினம் ஒன்றுதான். முதல் மாத்திரை இதயத் துடிப்பை மந்தமாக்கும் என்பதால் ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள். சின்னம்மைக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும்; மூன்று நான்கு மாதத்தில் கண் பரிசோதனையும் உண்டு. 'தீர்ந்துபோச்சு, அடுத்த தடவை பெங்களூரு போகும்போது வாங்கிக்கலாம்' என்பது இதில் ஆபத்து. நிறுத்தினால் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். இடைவெளி விட்டால் டாக்டரைக் கேட்காமல் மறுபடி தொடங்கவும் கூடாது. கர்ப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே இதையும் நிறுத்தியாக வேண்டும்.

அதனால் உங்கள் மகளுக்கு முதலில் பேசிப் பார்க்க வேண்டியது டைமெத்தில் ஃபியூமரேட் என்பது என் கருத்து. நிறுத்தினால் சீக்கிரம் உடலை விட்டுப் போய்விடும். கர்ப்பத்தில் பொதுவாகத் தொடர்வதில்லை. எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். ஒரு வாரம் வேளைக்கு 120 மில்லிகிராம், பிறகு வேளைக்கு 240; தினம் இரண்டு வேளை.

தொந்தரவு ஆரம்பத்தில்தான். முகமும் கழுத்தும் திடீரென்று காந்தும். மாநிறத்தில் சிவப்பு தெரியாது, சூடுதான் தெரியும். வயிறு புரட்டும், பேதியாகலாம். காலையில் வெறும் டீயோடு கேப்சூலை விழுங்குபவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். களியோ இட்லியோ வயிறு நிறையச் சாப்பிட்டு, கூடவே தயிர் அல்லது வேர்க்கடலைச் சட்னி இருந்தால் இன்னும் நல்லது, அதன்பின் போடட்டும். கேப்சூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது. பலருக்கு ஒரு மாதம் போல ஆனால் அடங்கிவிடும்.

சத்தமில்லாமல் வரும் சிக்கல் வேறு: ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணு குறைவது. எண்ணிக்கை 500-க்குக் கீழே போய் ஆறு மாதம் அப்படியே நின்றால், மூளைத் தொற்று அபாயத்தை எண்ணி மருந்தை நிறுத்துவதைப் பற்றி டாக்டர் யோசிப்பார். தொடங்கும் முன் ரத்த அணுக்களும் லிவரும் பார்த்துவிடுங்கள்; பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இதற்கெல்லாம் பெங்களூரு போக வேண்டியதில்லை. தர்மபுரியிலேயே எடுத்து, ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பலாமா என்று இந்தத் தடவையே கேட்டுவிடுங்கள்.