ரைபிளில் போகாத கரிக்கறை: கேள்வி பதில்

கேள்வி: ஏஆர்-15 ரைபிளின் போல்ட் (தோட்டாவைப் பின்னிருந்து அடைத்துப் பூட்டும் பாகம்) வால்பகுதியில் படிந்த கரி, இரண்டு நாள் சால்வென்ட்டில் (கரைப்பான்) ஊறியும் போகவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தப்பு உங்கள்மீது இல்லை. சால்வென்ட் எதுவும் கரியைக் கரைக்காது. எண்ணெயும் வெடிமருந்துப் பிசுக்கும் சூட்டில் இறுகி, கரித்துகளைப் பிடித்துவைத்திருக்கும். சால்வென்ட் அந்தப் பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான். மிச்சம் கைவேலை. ராத்திரி ஊறவிட்டு, காலையில் வெண்கலப் பிரஷ்ஷால் தேயுங்கள். மூலையில் ஒட்டியிருப்பதைப் பித்தளைத் தகட்டால் சுரண்டுங்கள். எஃகுக் கத்தி வேண்டாம். பிறகு விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் படிவு இன்னும் இருக்கிறது. வழுக்கிப் போனால் மிஞ்சியிருப்பது நிறம் மட்டும், அதை விட்டுவிடுங்கள். அந்த நிறத்தோடு போல்ட் ஆயுள் முழுக்க ஓடும். பளபளப்புக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கெட்ட பாகங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வேலை தொடங்குமுன் மேகஸினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

கேள்வி: கேஸ் பிஸ்டன் (வெடிவாயு தள்ளும் தண்டு) மஞ்சளும் நீலமுமாக மாறியிருக்கிறது. எதைப் போட்டால் போகும்?

பதில்: அது கரியே இல்லை, சூட்டில் உண்டான ஆக்சைடு. சாதாரண எஃகில் 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறம் ஏறும், 300 வாக்கில் நீலம். சால்வென்ட்டுக்கு அங்கே வேலை இல்லை. மெருகுப் பசையால் தேய்த்தால் போகும், கூடவே பிஸ்டனின் அளவும் குறையும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: ப்ளூயிங் (எஃகில் ஏற்றும் கருநீலப் பூச்சு) செய்த பாகத்தில் துருநீக்கி போடலாமா?

பதில்: கூடாது. ப்ளூயிங்கும் ஓர் இரும்பு ஆக்சைடுதான். துருவை அரிக்கும் அமிலம் அதையும் அரித்துவிடும்.

கேள்வி: அலுமினிய ரிசீவருக்கு (துப்பாக்கியின் உடற்பகுதி) அடுப்பு கழுவும் ஓவன் கிளீனர் போடலாமா?

பதில்: அதில் பெரும்பாலும் காரம் இருக்கும். அலுமினியத்தைக் காக்கும் அனோடைஸ் பூச்சு போய்விடும். வேண்டாம்.

கேள்வி: என் .22 ரைபிளின் மசில் பிரேக்கை (குழல் முனையில் மாட்டும், உதைப்பைக் குறைக்கும் பாகம்) வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பாதிக்குப் பாதி கலந்து ஊறவைக்கிறேன். கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. ஏன் யாரும் இதைச் சொல்வதில்லை?

பதில்: தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். .22 பிரேக்கில் கரியோடு ஈயமும் படிந்திருக்கும். அந்தக் கலவை ஈயத்தைக் கரைத்து லெட் அசிடேட் என்ற ஈய உப்பாக்குகிறது. கட்டி ஈயத்தைவிட இது மோசம்: நீரில் கரையும், உடம்பில் சுலபமாகச் சேரும், நாக்குக்கு இனிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அப்படி ஒரு பாத்திரத்தை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பாகத்தை எண்ணெயில் ஊறவைத்து, ஈரம் காயாமல் செம்புக் கம்பிச் சுருளால் தேயுங்கள். காய்ந்தபின் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் போகும்.

கேள்வி (அவரே): பல வருடமாகச் செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கையுறை போட்டால் போதாதா?

பதில்: ஈயம் உடனே வலிக்காது, சேர்ந்துகொண்டே இருக்கும். "ஒன்றும் ஆகவில்லை" என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல முடியும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கையுறை உங்கள் கையைக் காக்கும். மேசையில் தெறித்ததையும் கழிவுநீரையும் என்ன செய்வீர்கள்?

கேள்வி (வேறொருவர்): அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே, வினிகர் சாப்பாட்டுப் பொருள்தானே?

பதில்: வினிகரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அது ஈயத்தோடு சேர்ந்து என்னவாகிறது என்பதுதான் பிரச்சினை.

கேள்வி: போல்ட்டில் கரி போகவில்லை, நல்ல சால்வென்ட் சொல்லுங்கள்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். நகத்தால் பாருங்கள். சேம்பரையும் பாருங்கள்.

கேள்வி: பழைய ராணுவத் தோட்டா சுட்டேன். கரியை எடுத்த இடத்தில் மறுநாளே துரு.

பதில்: அந்தப் பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருந்திருக்கும். எரிந்தபின் மிஞ்சும் உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுங்கள். பேரலோடு போல்ட் முகத்தையும் கேஸ் வழியையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அந்த வினிகர் கலவை பாட்டிலில் மிச்சம் இருக்கிறது. சாக்கடையில் ஊற்றிவிடவா?

பதில்: ஊற்றாதீர்கள். இறுக்கி மூடவும் வேண்டாம். பெராக்சைடு வாயு விடும், பாட்டில் வெடிக்கலாம். மூடியைத் தளர்வாக வைத்து, "ஈய விஷம்" என்று எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.