பல ஃபோல்டரில் சி புராஜெக்ட்: எரர் வந்தால் எங்கே பார்ப்பது?

சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: திரை நிறைய எரர் ஓடினாலும் மேலே போய் முதல் எரரைப் படியுங்கள். கத்துவது கம்பைலரா (சி ஃபைலை ஆப்ஜெக்ட் ஃபைலாக மாற்றுவது), லிங்கரா (ஆப்ஜெக்ட் ஃபைல்களைச் சேர்த்து ஒரே புரோகிராமாக்குவது) என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அம்மாபேட்டை மாணவர்: அண்ணா, விசைத்தறி ஓட்டத்தை எண்ணும் புராஜெக்ட். ஹெடர் தனி ஃபோல்டரில் இருக்கிறது. ஆனாலும் 'நோ சச் ஃபைல்' என்கிறது.

இது கம்பைலர் சொல்வது, தம்பி. டபுள் கோட்ஸில் எழுதிய ஹெடரை, அந்த சி ஃபைல் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் தேடும். அப்புறம் மைனஸ் கேபிட்டல் ஐ போட்டுக் கொடுத்த இடங்களில் தேடும். அந்தப் பாதை சி ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து அல்ல, ஜிசிசி (நாம் பயன்படுத்தும் சி கம்பைலர்) ஓடும் இடத்திலிருந்து கணக்கு. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

ஏற்காடு, காபித் தோட்டக்காரர்: சார், உலர்களத்தில் ஈரப்பதம் பார்க்கும் கருவிக்கு நானே எழுதினேன். சென்சார், டிஸ்ப்ளே என்று இரண்டு ஃபோல்டர். இரண்டிலும் யூட்டில்.சி உண்டு. 'மல்டிபிள் டெஃபினிஷன்', 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' இரண்டும் சேர்ந்து வருகின்றன.

உங்கள் மேக்ஃபைலை, அதாவது எதை எப்படி கம்பைல் செய்வது என்று மேக் கமாண்டுக்குச் சொல்லும் ஃபைலைப் பார்த்தேன், சார். விபாத் (மேக் ஃபைல்களைத் தேட வேண்டிய ஃபோல்டர் பட்டியல்) போட்டு, எல்லா ஆப்ஜெக்ட் ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுகிறீர்கள். இரண்டு யூட்டில்.சிக்கும் சேர்த்து ஒரே யூட்டில்.ஓ. விபாத்தில் முதலில் இருக்கும் சென்சார் ஃபோல்டருடையது மட்டும் கம்பைல் ஆகிறது, டிஸ்ப்ளேயுடையது தொடப்படவே இல்லை. ஆப்ஜெக்ட் பட்டியலில் அதே பெயர் இரண்டு முறை வருவதால், லிங்கர் ஒரே ஃபைலை இரண்டு தடவை வாங்கி 'மல்டிபிள்' என்கிறது. டிஸ்ப்ளே ஃபங்ஷன்கள் கிடைக்காமல் 'அன்டிஃபைன்ட்' என்றும் சொல்கிறது.

யூட்டில்.ஓ மேல் என்எம் கமாண்டை (ஆப்ஜெக்டில் உள்ள பெயர்களைக் காட்டுவது) ஓட்டிப் பாருங்கள். பெயருக்கு முன் கேபிட்டல் டி இருந்தால் அந்த ஃபங்ஷன் உள்ளே இருக்கிறது. யு என்றால் வெளியே தேடுகிறது. டிஸ்ப்ளே பெயர் ஒன்றுகூட அதில் இருக்காது. பில்ட் ஃபோல்டருக்குள்ளும் சென்சார், டிஸ்ப்ளே என்று தனித்தனி ஃபோல்டர் உருவாக்கி, ஆப்ஜெக்டை அதே பாதையில் எழுத வையுங்கள். ஃபோல்டர் உருவாக்கும் எம்கேடிர் மைனஸ் பி வரியை மறக்க வேண்டாம். ஃபோல்டரை ஜிசிசி தானாக உருவாக்காது.

செவ்வாய்ப்பேட்டை: ஹெடரில் ஸ்ட்ரக்டை மாற்றினால் எரர் இல்லை, ஆனால் கணக்கு தப்பாக வருகிறது. மேக் கிளீன் போட்டு, பழைய ஆப்ஜெக்டை அழித்து மறுபடி கம்பைல் செய்தால் சரியாகிறது.

எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். ஹெடர் மாறியது மேக்குக்குத் தெரியாமல் சில ஃபைல்கள் மறுபடி கம்பைல் ஆவதில்லை; அந்தப் பழைய ஆப்ஜெக்ட் பழைய அளவிலேயே ஸ்ட்ரக்டைப் படிக்கிறது. ஜிசிசிக்கு மைனஸ் எம்எம்டி, மைனஸ் எம்பி கொடுங்கள். எந்த ஃபைல் எந்த ஹெடரை நம்பியிருக்கிறது என்று .டி ஃபைலில் எழுதித் தரும். அதை மேக்ஃபைலில் இன்க்ளூட் செய்தால் போதும்.

ஆத்தூர்: பழைய ஜிசிசியில் ஓடிய கோட், புதியதில் 'மல்டிபிள் டெஃபினிஷன்' தருகிறது.

ஹெடரில் குளோபல் வேரியபிள் வைத்திருப்பீர்கள். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் அதை விடுவதில்லை. ஹெடரில் எக்ஸ்டர்ன் (வேரியபிள் வேறிடத்தில் இருக்கிறது என்பதற்கான சொல்) போட்டு, ஒரே ஒரு சி ஃபைலில் மட்டும் எக்ஸ்டர்ன் இல்லாமல் வரையறுங்கள்.

ஓமலூர்: 'மிஸ்ஸிங் செபரேட்டர்'?

மேக்ஃபைலில் கமாண்ட் வரி டேப் கீயில் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் போட்டிருக்கிறீர்கள்.