மீற்றர் மூன்று லட்சத்தைத் தொட்டால் எஞ்சின் முடிந்துவிட்டதா?

கேள்வி: எங்கள் டொயோட்டா கொரோலா 110 கார் வாங்கிய நாளிலிருந்து எங்களிடமேதான் இருக்கிறது. மீற்றர் 290,000 தாண்டிவிட்டது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிடும். கராஜ் பாஸ், “எஞ்சின் முடிஞ்சுது, ஜப்பான் எஞ்சின் ஒன்று போடுவம்” என்கிறார். போடலாமா?
- உவர்மலை வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள். காலையில் மட்டும் வந்து மறையும் நீலப் புகை பெரும்பாலும் வால்வ் சீலின் வேலை, வால்வ் தண்டு வழியே ஒயில் இறங்காமல் தடுப்பது அதுதான். அந்த ரப்பர் சூட்டில் கிடந்து இறுகிப்போனால், இரவில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் நிற்கும் ஒயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி விடிய ஸ்டார்ட் பண்ணியதும் எரியும், அவ்வளவுதான். ஹெட்டைக் கழற்றாமலே சிலிண்டருக்குள் காற்றடித்து, வால்வ் உள்ளே விழாமல் பிடித்துக்கொண்டு சீல் மாற்றலாம். கந்தளாய் ரோட்டில் அழுத்திப் போகும்போதும் புகை விடாமல் வந்தால், ஒயில் மூடியைத் திறக்கும்போது குபுகுபுவென்று ஊதினால், அப்போது பிஸ்டனைச் சுற்றி அடைத்து நிற்கும் ரிங்கைச் சந்தேகப்படலாம்.

அதையும் ஊகத்தில் சொல்லக்கூடாது, கொம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவில், நன்றாகக் காட்டினால் அந்த எஞ்சினைத் தொடவே வேண்டாம். ஒன்று குறைந்தால் பிளக் ஓட்டையால் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் பக்கம். இதைக்கூடச் செய்யாமல் எஞ்சினை மாற்று என்பவரிடம் நானென்றால் காரை விடமாட்டேன். ஜப்பான் எஞ்சின் என்பதும் இன்னொரு பழைய காரில் ஓடிக் களைத்ததுதானே! உங்களுடையதன் கதையாவது உங்களுக்குத் தெரியும்.

மீற்றரைவிட, அந்தத் தூரம் எப்படி ஓடியது என்பதுதான் முக்கியம். கொழும்புக்கு ஒரே ஓட்டமாகப் போய்வந்த கிலோமீற்றர் எஞ்சினை அவ்வளவாகத் தேய்க்காது. உவர்மலையிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக, சூடேற முன்பே நிறுத்தி நிறுத்தி ஓடியதுதான் ஒயிலைக் கெடுக்கும். அப்படி ஓடுகிற காருக்குக் கிலோமீற்றர் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள்.

அப்புறம் ரேடியேற்றர். நம்மூரில் எஞ்சினைக் கொல்வது வயதைவிடச் சூடுதான் என்பேன். உங்கள் எஞ்சினில் பிளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதிக்கவிட்டாலே ஹெட் வளையலாம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கஸ்கட் போகலாம். கடற்கரைப் பக்கத்துக் கிணற்றின் உவர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றியே ரேடியேற்றரை அரிக்கவிட்ட கார்கள் எத்தனை! கூலன்ட் விடுங்கள். ‘இந்த வெயிலுக்குத் தேவையில்லை’ என்று யாராவது, எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தேமோஸ்டட்டைக் கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது, காரின் கம்ப்யூட்டரும் எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும், அந்தப் பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிவிடும்.

கேள்வி: என்னுடையது கொரோலா 121. டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான், அதனால் பார்க்கவே தேவையில்லை என்கிறார்களே?
- கிண்ணியா வாசகர்

பதில்: பெல்ட்டைப் போலக் கணக்கு வைத்து மாற்றத் தேவையில்லை, சரி. ஆனால் வால்வுகளை ஓட்டும் அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பதே ஒயில் அழுத்தம்தான். ஒயில் குறைந்தாலோ சேறுபோலக் கெட்டியானாலோ ஸ்டார்ட் பண்ணும்போது கடகடவென்று சத்தம் வரும், அதை அலட்சியம் செய்யக்கூடாது. ‘பழைய எஞ்சின்தானே’ என்று தடித்த ஒயில் ஊற்றவும் வேண்டாம், இதில் இருக்கும், வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ ஒயிலில்தான் வேலை செய்கிறது. புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேட்டை விடுங்கள்.

கேள்வி: 2004 கார், மீற்றரில் 90,000தான். நம்பி வாங்கலாமா?
- நிலாவெளி வாசகர்

பதில்: 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறியது, மீற்றரைப் பின்னுக்குத் திருப்பும் ஆசையும் கூடவே ஏறியிருக்கும். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங், ட்ரைவர் சீற்றின் ஓரம் மூன்றையும் பாருங்கள். 90,000 ஓடிய காரில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது. விடியற்காலையில், சொல்லாமல் போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.