செல்கி நாயகன்: காதல் ஏன் நகரவில்லை?

உங்கள் நாவலில் காதல் ஏன் நகரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நாயகன் ஒரு செல்கி, அதாவது கடலில் கடல்நாயாகவும், தோலைக் கழற்றினால் கரையில் மனிதனாகவும் இருப்பவன். அவன் கடல்நாய்த் தோலைக் கழற்றும் காட்சியை மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பத்தாவதுக்குத் தள்ளுங்கள். அவன் மேலுள்ள சாபம் இன்னதென்று நாயகிக்கு மூன்றாவதிலேயே தெரிந்துவிடுவதால்தான் அதற்குப் பிறகு காதல் நகராமல் நிற்கிறது.

ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவு வழக்கில், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஒரு பெண் ஏழு துளிக் கண்ணீரைக் கடலில் விட்டால் செல்கி ஆண் கரைக்கு வருவான். நீங்கள் ஏழையும் ஒரே இரவில் சிந்தவைத்திருக்கிறீர்கள். துளிக்கு ஒரு சந்திப்பு கொடுங்கள். முதல் தடவை வாசற்படியில் ஈரக் கால்தடம் மட்டும் போதும். நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

அப்புறம், சாபம் பற்றிய வரிகளை மறைத்துவிட்டு ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். இருவருக்கும் பேச வேறு எதுவும் இல்லையென்றால் கோளாறு அங்கேயும் இருக்கிறது.

ஒன்று மட்டும்: தோலை அவள் ஒளித்துவைக்க வேண்டாம். பழைய கதைகளில் செல்கிப் பெண்களை அப்படித்தான் பிடித்துவைத்தார்கள். தோல் கையில் கிடைத்ததும் அவர்கள் கடலுக்கே போய்விட்டார்கள்.