யாருடைய கார்டு முதலில்? மேஜிக் டைமிங் கேள்வி பதில்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில், அதுவும் நாலு பேர் உட்காரும் கமாண்டர் வகை ஆட்டத்தில், டைமிங்கில்தான் வாக்குவாதம் அதிகம். கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் டர்னில் ஒரு கிரீச்சர் (உயிரினக் கார்டு) செத்தது. என்னிடமும், எனக்கு வலப்பக்கம் இருப்பவரிடமும் பிளட் ஆர்ட்டிஸ்ட் (கிரீச்சர் செத்தால், குறி வைத்த ஆளுக்கு ஒரு லைஃப் குறைத்து, வைத்திருப்பவருக்கு ஒன்று கூட்டும் கார்டு) இருக்கிறது. இருவருக்கும் ஒரே ஒரு லைஃப்தான் பாக்கி. என் டர்ன், அதனால் நான்தானே ஜெயிப்பேன்?

பதில்: இல்லை தம்பி, அவர்தான் தப்பிப்பார். டர்ன் யாருடையதோ அவருடைய ட்ரிகர் (ஏதாவது நடந்ததும் தானாகக் கிளம்பும் விளைவு) ஸ்டாக்கில் (விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காத்திருக்கும் அடுக்கு) முதலில் ஏறும். அப்புறம் இடப்பக்கமாகச் சுற்றி மற்றவர்களுடையது ஏறும். வலப்பக்கத்து ஆளுக்குக் கடைசி முறை, அதனால் அவருடையது உச்சியில் நிற்கும். உச்சியில் இருப்பதுதான் முதலில் நடக்கும். அவர் உங்களைக் குறி வைத்திருந்தால் உங்கள் லைஃப் 0, அவருடையது 2. அடுத்த ட்ரிகர் நடப்பதற்குள் ஆட்டம் உங்கள் லைஃபைச் சரிபார்த்து உங்களை வெளியேற்றிவிடும். ஸ்டாக்கில் காத்திருந்த உங்கள் ட்ரிகரும் உங்களோடு போய்விடும். முதலில் ஏறுவது வேறு, முதலில் நடப்பது வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி: எனக்கே ஒரே நேரத்தில் இரண்டு ட்ரிகர் வந்தால்?

பதில்: வரிசை உங்கள் இஷ்டம். வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: 2/2 (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2) கிரீச்சருக்கு ஜெயன்ட் க்ரோத் (டர்ன் முடியும் வரை +3/+3 தரும் கார்டு) போட்டேன். பதிலுக்கு எதிராளி லைட்னிங் போல்ட் (3 டேமேஜ் தரும் கார்டு) போட்டார். நான்தானே முந்தினேன்?

பதில்: முந்தியதுதான் சிக்கல். ஸ்டாக்கில் போல்ட் மேலே இருக்கிறது, 3 டேமேஜில் கிரீச்சர் சாகும், க்ரோத் ஆளில்லாமல் வீணாகும். அவர் போல்ட் போடும்வரை பொறுத்திருந்து, அதற்குப் பதிலாக க்ரோத் போட்டிருந்தால் 5/5 ஆகிப் பிழைத்திருக்கும்.

கேள்வி: நான் பாஸ் சொன்ன பிறகு வேறொருவர் ஸ்பெல் போட்டால், எனக்கு மறுபடி வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. நடுவில் யாரும் எதுவும் போடாமல் எல்லோரும் அடுத்தடுத்து பாஸ் சொன்னால்தான் உச்சியில் இருப்பது நடக்கும்.

கேள்வி: எதிராளி கிரீச்சரைப் பலி கொடுத்து கார்டு எடுக்கிறார். பலி கொடுப்பதற்குள் அதைக் கொன்றுவிடலாமா?

பதில்: கார்டில் முக்காற்புள்ளியைத் தேடுங்கள். அதற்கு முன்னால் எழுதியிருப்பது விலை. பலி அந்தப் பக்கம் இருந்தால் அவர் சொன்ன கணமே கிரீச்சர் போய்விட்டது, நடுவில் யாரும் புக முடியாது. கார்டு எடுப்பதைத் தடுக்க வழி இருந்தால் அதைச் செய்யலாம்.

கேள்வி: "எண்ட் ஸ்டெப் தொடங்கும்போது", "டர்ன் முடியும் வரை" இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. முதலாவது எண்ட் ஸ்டெப்பின் (டர்ன் முடிவில் வரும் ஒரு கட்டம்) வாசலில் ஒரே ஒரு தடவை கிளம்பும். அந்த ஸ்டெப் தொடங்கிய பிறகு கார்டு களத்துக்கு வந்தால் அடுத்த டர்னின் எண்ட் ஸ்டெப் வரை காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது அதற்கும் பிந்தைய கடைசிக் கட்டமான கிளீனப்பில்தான் முடிகிறது.

கேள்வி: "உன் அடுத்த டர்ன் வரை" என்று கார்டு போட்டவர் அதற்குள் தோற்றுப் போய்விட்டால்?

பதில்: அவருடைய டர்ன் எப்போது வந்திருக்குமோ, அதுவரை விளைவு நிற்கும். உடனே அழியாது, ஆட்டம் முழுக்கவும் தொடராது.